பொருளாளர் பதவியும் வட ஆற்காட்டுக் கணக்குக்காரரும்

பழைய வட ஆற்காடு மாவட்டத்தில், அதாவது வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு பக்கம் நடக்கும் எந்த விழாவின் அழைப்பிதழை எடுத்துப் பார்த்தாலும் கடைசிப் பக்கத்தில் நிர்வாகிகள் பெயர் வரிசை இருக்கும். தலைவர் பெயர் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாறும். செயலாளர் பதவிக்குச் சண்டை வரும், சில சமயம் சங்கமே இரண்டாகும். பொருளாளர் மட்டும் பெரும்பாலும் அதே ஆள். அவர் ஆடிட்டராக இருப்பார். அல்லது ஆடிட்டர் ஆபீசில் பல காலம் பேரேடு எழுதியவராக, தோல் கம்பெனிக் கணக்குப்பிள்ளையாக, கைத்தறிக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவராக இருப்பார். திருக்குறள் மன்றம், திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கமிட்டி, கட்சியின் நகரக் கிளை, நூலக வாசகர் வட்டம் என்று எங்கே பார்த்தாலும் அவர் பெயர் மூன்றாவது இடத்தில் இருக்கும்.

இப்படி ஒரு ஆள் எப்படி உருவாகிறார், அவருக்கு ஊரில் ஏன் அவ்வளவு மதிப்பு, அந்த மதிப்பு எந்த இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம். தனி ஒருவரின் வரலாறு அல்ல இது. ஆனால் இந்தப் பக்கத்து வாசகர்கள் படிக்கும்போது, தங்கள் தெருவில் இருக்கும் யாராவது ஒருவரின் முகம் நினைவுக்கு வந்தே தீரும்.

இந்த மண்ணில் கணக்கு எழுதுகிறவருக்கு அதிகாரம் வந்தது ஆடிட்டர் படிப்பால் அல்ல. 1980 வரை ஊருக்கு ஊர் கர்ணம் இருந்தார். மணியக்காரர் வரி வசூலிப்பார், தலையாரி ஆளைக் கூப்பிட்டு வருவார், கர்ணம் எழுதுவார். எந்த சர்வே எண் யார் பெயரில் இருக்கிறது, இந்தப் பசலியில், அதாவது வருவாய் ஆண்டில், அதில் என்ன பயிர், தீர்வை எவ்வளவு என்பதெல்லாம் அவர் கையெழுத்தில்தான் இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை தாலுகா ஆபீசில் ஜமாபந்தி என்ற கணக்குச் சரிபார்ப்பு நடக்கும்போது மட்டும் அடங்கல், சிட்டா என்ற அந்த நிலப் பதிவேடுகளை வெளியாள் புரட்டிப் பார்ப்பார். எழுதப் படிக்கத் தெரியாத குடியானவருக்குத் தன் நிலம் தன் பெயரில்தான் இருக்கிறதா என்பதே கர்ணம் சொல்லித்தான் தெரியும். பதவி பெரும்பாலும் அப்பாவுக்குப் பின் பிள்ளைக்கு வந்தது. ஆகவே ஊரில் கர்ணத்துக்கு இருந்த மரியாதையில் பாதி பயம்.

1980 நவம்பர் 14 அன்று எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் இந்தப் பகுதிநேர கிராம அலுவலர் பதவிகளை ஒரே நாளில் ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1982இல் நீதிமன்றமும் சட்டம் செல்லும் என்றது. தேர்வு எழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்கள் அந்த இடத்தில் அமர்ந்தார்கள். பதவி போனது நல்லதற்கே. ஆனால் 'நாலு எழுத்து எழுதி, கூட்டிக் கழித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்' என்ற தேவை ஊரில் அப்படியே இருந்தது. அந்த இடத்தை நிரப்பியவர்களில் பெரும்பங்கு வணிகவியல் படித்த முதல் தலைமுறைப் பிள்ளைகள் என்பது என் கணிப்பு. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919 முதல் இருக்கிறது, வேலூர் ஊரீசு கல்லூரி அதற்கும் மூத்தது, மேல்விஷாரத்தில் அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965இல் வந்தது. அங்கெல்லாம் பி.காம். முடித்தவர்களுக்கு ஆம்பூர், ராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டு தோல் தொழிலில் கணக்கு வேலை காத்திருந்தது. ஏற்றுமதித் தொழில் என்பதால் அங்கே கணக்கு என்பது வெறும் வரவு செலவு அல்ல. வங்கிக் கடிதம், கப்பல் ரசீது, அந்நியச் செலாவணி விகிதம், சுங்கத் திரும்பப்பெறல் எல்லாம் சேர்ந்தது. அதைச் சமாளித்தவருக்கு மாரியம்மன் கோயில் கணக்கு ஒரு பொருட்டா?

கணக்கும் தமிழும் ஒரே ஆளிடம் சேர்வதும் இங்கே புதிதல்ல. ராணிப்பேட்டை அருகே வேலம் என்ற ஊரைச் சொந்த ஊராகக் கொண்ட மு. வரதராசனார், பள்ளிப் படிப்பு முடித்த கையோடு சிறிது காலம் தாலுகா அலுவலகத்தில் எழுத்தர் வேலைதான் பார்த்தார். பிறகுதான் தமிழாசிரியர், பேராசிரியர், துணைவேந்தர். திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் எண்சுவடியும் ஆத்திசூடியும் ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். முந்திரி என்றால் முந்நூற்று இருபதில் ஒரு பங்கு என்று மனப்பாடமாகச் சொல்லும் தாத்தாக்கள், அதே மூச்சில் நாலடியார் வெண்பா ஒன்றும் சொல்வார்கள்.

சரி, கலைக்கும் கணக்குக்கும் என்ன உறவு? பாரதக் கூத்தை எடுத்துக்கொள்வோம்.

வட ஆற்காட்டில் திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் நடக்கும் பாரத உற்சவம் பதினெட்டு, இருபது நாள் ஓடும். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து. வில் வளைப்பு, துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று கதை நகர்ந்து, கடைசி நாள் காலையில் படுகளம், மாலையில் தீமிதி. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது பக்தி, கலை. உள்ளே இருப்பவருக்கு இது ஊருக்கே பொதுவான ஒரு பெரிய வரவு செலவு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டா, ஒரே அடுப்பில் சமைக்கும் அண்ணன் தம்பிகள் ஒரே தலைக்கட்டா, பெங்களூரில் வேலை பார்ப்பவருக்கு உண்டா இல்லையா என்று முதல் கூட்டத்திலேயே வாக்குவாதம் கிளம்பும். ஒவ்வொரு நாளுக்கும் உபயதாரர் தனி. கூத்து ஜமாவுக்கு, அதாவது ஆடும் குழுவுக்கு, வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் கொடுக்க வேண்டும். படுகளத்துத் துரியோதனனை மண்ணால் படுக்க வைக்க வண்டி வண்டியாக மண் வேண்டும். தீக்குழிக்கு விறகு. தபசு மரம் நட ஆள் கூலி. ஒலிபெருக்கி, விளக்கு, ஜெனரேட்டர், சொற்பொழிவாளருக்கு வீடு, சாப்பாடு.

இதில் பாதிச் செலவுக்கு பில் கிடையாது. கமிட்டி இளைஞர் வந்து நிற்பார்.

"ஆடிட்டர் சார், விறகுக்காரர் பில்லு குடுக்க மாட்டேங்கறார்."

"பில்லு வேணாம்பா. வவுச்சர்ல தேதி, எடை, தொகை எழுதி அவர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா. ஐயாயிரத்துக்கு மேலன்னா ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிடு."

"கையெழுத்து போடத் தெரியாதுங்க."

"கைநாட்டு வை. பக்கத்துல சாட்சியா நீ கையெழுத்து போடு."

இவ்வளவுதான் அவர் செய்வது. ஆனால் இந்தச் சின்ன வேலையை அலுக்காமல் இருபது நாளும் செய்ய ஆள் கிடைப்பது அரிது. அடுத்த ஆண்டு யாராவது 'போன வருஷம் விறகுக்கு இவ்வளவா?' என்று எழுந்து நின்றால், வவுச்சர் கட்டை எடுத்து மேஜையில் வைத்தால் போதும், கூட்டம் அடங்கிவிடும். கூத்து தொடர்ந்து நடக்க நல்ல வாத்தியாரும் நல்ல தொண்டையும் தேவை என்பார்கள். உண்மைதான். ஆனால் பாரதம் நின்றுபோன ஊர்களில் விசாரித்தால், கலைஞர் கிடைக்கவில்லை என்று சொல்பவர்களைவிட 'கணக்கில் தகராறு வந்து நின்னுபோச்சு' என்று சொல்பவர்களே என் காதில் அதிகம் விழுந்திருக்கிறார்கள்.

நுணுக்கமான கேள்விகளும் உண்டு. கூத்து நடக்கும்போது மேடைக்குப் போய் வேடக்காரருக்கு ரூபாய் நோட்டைக் குத்துவார்கள். கட்டியக்காரன் கொடுத்தவர் பெயரைச் சொல்லிக் கூவுவான். அந்தப் பணம் ஜமாவுக்கா, கமிட்டிக்கா? அனுபவம் உள்ள பொருளாளர் தாம்பூலம் மாற்றும்போதே இதைப் பேசி முடித்து நோட்டில் எழுதிவிடுவார். அப்புறம் அறநிலையத் துறைக் கட்டுப்பாட்டில் உள்ள கோயில் என்றால் உண்டியல் துறையினுடையது. உற்சவத்துக்காகக் கமிட்டி வசூலித்தது வேறு. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால் பிறகு பிரிப்பது முடியாத காரியம்.

கல்யாண வீட்டு மொய் நோட்டும் இதே ஆளிடம்தான் வரும். தாய்மாமன் பெயரை முதலில் எழுத வேண்டும் என்பது முதல் பாடம். ஊர்ப் பெயர், அப்பா பெயர், இன்னார் மகன் என்று எழுதினால்தான் பத்து ஆண்டு கழித்துத் திருப்பிச் செய்யும்போது ஆள் அடையாளம் தெரியும். இந்த நோட்டை எழுதும் கைதான் பிறகு சங்கத்தின் ரசீதுப் புத்தகத்தையும் எழுதுகிறது என்பதில் ஒரு தொடர்ச்சி இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அந்தக் கையெழுத்தில் நம்பிக்கை ஏற்கெனவே ஏற்பட்டிருக்கிறது.

கமிட்டி என்ற நிலையிலிருந்து பதிவு பெற்ற சங்கம் என்ற நிலைக்குப் போகும்போது கணக்குக்காரர் இல்லாமல் ஓரடி நகர முடியாது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். துணைவிதி எழுத வேண்டும், மாவட்டப் பதிவாளரிடம் பதிய வேண்டும், ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி வரவு செலவை ஒப்புதல் பெற்றுத் தாக்கல் செய்ய வேண்டும். தாக்கல் செய்யாமல் விட்ட சங்கம் ஆண்டுக் கணக்கில் அபராதத்தோடு நிற்கும். நன்கொடைக்கு வரிச் சலுகை வேண்டுமென்றால் வருமான வரித் துறையில் தனிப் பதிவு. முன்பு ஒருமுறை பதிந்தால் போதும் என்றிருந்தது. 2021 ஏப்ரலுக்குப் பிறகு அது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியதாகிவிட்டது. பல பழைய தமிழ் மன்றங்கள் இந்த மாற்றத்தில் விழித்தன. கவிதை படிக்க இருநூறு பேர் வருவார்கள். புதுப்பிக்கும் விண்ணப்பத்தை நிரப்ப ஒருவர்கூட வர மாட்டார்.

மாவட்டம் பிரிவதும் ஒரு தலைவலி. பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகர் சித்தூராக இருந்து, 1911இல் வேலூருக்கு வந்தது. 1989இல் திருவண்ணாமலை தனியாகப் போனது. கூத்துக்குப் பேர்போன புரிசை அந்தப் பக்கம் சேர்ந்தது. 2019 நவம்பரில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. மாவட்டச் சங்கம், மாவட்டக் கழகம், மாவட்டக் கிளை என்று பெயர் வைத்த எல்லாமும் மூன்றாக வேண்டியதாயிற்று. புதுத் தலைவர்களுக்கு மாலை விழுந்த அன்று, வங்கி இருப்பையும் ஒலிபெருக்கியையும் இரும்பு பீரோவையும் மூன்றாகப் பிரித்து ஐந்தொகை (சொத்து, கடன் பட்டியல்) போட்டவர் பழைய பொருளாளர்.

எல்லைக்கும் எண்ணிக்கைக்கும் உள்ள உறவை இந்தப் பகுதி முன்பே பார்த்திருக்கிறது. மா.பொ.சி.யும் அரக்கோணம் பக்கத்து மங்கலங்கிழாரும் முன்னின்ற, ஆந்திரத்தோடான வடக்கெல்லைப் போராட்டம் மேடையில் நடந்தது, சிறையில் நடந்தது. கடைசியில் எல்லைத் தகராறைத் தீர்க்க நியமிக்கப்பட்ட படாஸ்கர் முன் தீர்மானமானது கிராமத்தை அலகாக வைத்து, எந்தக் கிராமத்தில் எந்த மொழி பேசுவோர் பாதிக்கு மேல் என்ற மக்கள்தொகைப் புள்ளிவிவரத்தால். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. உணர்ச்சி ஊர்வலத்தைக் கூட்டும். கிராமவாரிப் பட்டியல்தான் கிராமத்தைக் கொண்டுவரும் என்று அந்தத் தலைமுறை கற்றுக்கொண்டது.

இனி அரசியல்.

தமிழ்நாட்டு அரசியலின் பெரிய திருப்பங்களில் ஒன்று 'கணக்கு கேட்டது' என்ற பெயரிலேயே நினைக்கப்படுகிறது. 1972 அக்டோபர் 8 அன்று தி.மு.க. பொருளாளராக இருந்த எம்.ஜி.ஆர்., கட்சிப் பொறுப்பாளர்கள் தங்கள் சொத்துக் கணக்கைக் காட்ட வேண்டும் என்று திருக்கழுக்குன்றத்தில் பேசினார். இரண்டு நாளில் இடைநீக்கம், அந்த மாதமே வெளியேற்றம், அக்டோபர் 17இல் புதுக் கட்சி. காரணங்கள் ஆயிரம் இருக்கலாம்; மக்கள் மனதில் நின்றது பொருளாளர் கணக்கு கேட்டார் என்பதுதான். அதன்பின் எந்தக் கட்சியிலும் பொருளாளர் பதவியை யாரும் வெறும் அலங்காரமாகப் பார்க்கவில்லை.

அந்தப் பதவிக்கு வட ஆற்காட்டோடு ஒரு தொடர்பும் உண்டு. ஊர்ப் பெயரைப் பெயரோடு சேர்த்துக்கொண்ட ஆற்காடு வீராசாமி பல ஆண்டு தி.மு.க. பொருளாளராக இருந்தார். காட்பாடியில் 1971இல் முதல்முறை சட்டமன்றத்துக்குத் தேர்வான துரைமுருகன் 2018இல் பொருளாளராகி, 2020இல் பொதுச்செயலாளரானார். இவர்கள் கணக்குத் தொழிலர்கள் அல்லர், முழுநேர அரசியல்வாதிகள். இருந்தாலும் ஒரே மாவட்டத்துக்காரர்கள் இருவர் பெரிய கட்சியொன்றின் பெட்டிச் சாவியை வைத்திருந்தது கவனிக்க வேண்டியது. இயக்கப் பணத்தில் கறாராக இருப்பதற்குப் பெரியாரைத்தான் எல்லாரும் சொல்வார்கள். கையெழுத்துக்கும் படம் எடுத்துக்கொள்வதற்கும்கூட இயக்கத்துக்கென்று காசு வாங்கியவர் அவர். அவருடைய உயிர் பிரிந்தது வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில், 1973 டிசம்பர் 24 அன்று. எதிர்த் திசையில், காட்பாடியை ஒட்டிய காங்கேயநல்லூரில் பிறந்த கிருபானந்த வாரியார், தம் சொற்பொழிவு மூலம் திரண்ட பணத்தைக் கோயில் திருப்பணிகளில் போட்டார். கொள்கையில் இருவரும் எட்டாத தூரம். பொதுப்பணம் என்றால் தனி முடிச்சு என்பதில் மட்டும் பக்கத்துப் பக்கத்து வீடு.

ஊர் மட்டத்தில் கணக்குக்காரரின் அரசியல் வேலை தேர்தலில்தான் சூடு பிடிக்கும். வேட்பாளர் மனுத் தாக்கலுக்கு முன்பே தேர்தல் செலவுக்கெனத் தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். தேர்தல் ஆணையம் ஒரு பதிவேடு தரும். அதில் அன்றாடச் செலவுக்கு வெள்ளைத் தாள், ரொக்கத்துக்கு இளஞ்சிவப்புத் தாள், வங்கிக்கு மஞ்சள் தாள். பிரசாரக் காலத்தில் குறைந்தது மூன்று முறை செலவினப் பார்வையாளர் முன் அதைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பார்வையாளர் கையில் அதற்கு நிழலாக இன்னொரு பதிவேடு இருக்கும். கூட்டத்தை வீடியோ எடுத்தவர்கள் எண்ணிய நாற்காலி, கொடி, வாகனம் எல்லாம் அதில் ஏறியிருக்கும். விலைகளும் நம் இஷ்டம் அல்ல. டீ இவ்வளவு, வடை இவ்வளவு, சால்வை இவ்வளவு, மட்டன் பிரியாணி இவ்வளவு என்று மாவட்டத் தேர்தல் அலுவலர் முன்கூட்டியே பட்டியல் போடுவார். ஆம்பூரும் வாணியம்பாடியும் இருக்கும் ஊரில் பிரியாணி வரியைப் பார்க்காமல் யாரும் பட்டியலை மடிக்க மாட்டார்கள்.

2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளருக்கான உச்சவரம்பு 28 லட்சத்திலிருந்து 40 லட்சமாகவும், நாடாளுமன்ற வேட்பாளருக்கு 70 லட்சத்திலிருந்து 95 லட்சமாகவும் உயர்ந்தது. முடிவு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் முழுக் கணக்கும் போய்ச் சேர வேண்டும். சரியாகக் கொடுக்காவிட்டால் மூன்று ஆண்டு தேர்தலில் நிற்கத் தகுதி போய்விடும். தோற்றுப்போன வேட்பாளர்கள்தான் பெரும்பாலும் இதில் மாட்டுவார்கள். தோற்ற மறுநாள் ஆபீசில் ஆள் இருக்காது, பந்தல்காரரும் வாடகை வேன்காரரும் மட்டும் பணத்துக்கு நிற்பார்கள். அந்த நேரத்தில் அவர்களிடம் கையெழுத்து வாங்கி, தாள்களை வரிசைப்படுத்தி, பதிவேட்டை முடித்துத் தருகிறவர்தான் கட்சியின் உண்மையான நண்பர்.

வேலூர்க்காரர்களுக்கு இது வெறும் சட்ட விளக்கம் அல்ல. 2019 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் மற்ற தொகுதிகள் ஏப்ரல் 18இல் வாக்களித்தன. வேலூரில் வருமான வரித் துறை சோதனையில் 11 கோடி ரூபாய்க்கு மேல் ரொக்கம் பிடிபட்டதை அடுத்து, வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு தேர்தலே ரத்தானது. நாடாளுமன்றத் தொகுதி ஒன்றில் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ரத்தானது நாட்டிலேயே அதுதான் முதல்முறை. ஆகஸ்ட் 5இல் மறுபடி நடந்த தேர்தலில் வெற்றி வித்தியாசம் 8,141 வாக்குகள். வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள் என மூன்று நிறத் தாளிலும் ஏறாத பணம் ஒன்று இருக்கிறது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். பதிவேடு எழுதுகிறவருக்கும் தெரியும். தனக்குக் காட்டிய பில்லுக்கு மட்டும் தான் பொறுப்பு என்று அவர் சொல்லிக்கொள்வார். இந்த வாழ்க்கையின் மிகப் பெரிய சங்கடம் இதுதான் என்று நினைக்கிறேன். பாரதக் கமிட்டியில் விறகுக்குக் கைநாட்டு வாங்கச் சொல்லும் அதே ஆள், தேர்தல் மாதத்தில் சில கேள்விகளைக் கேட்காமலேயே இருந்துவிடுகிறார்.

கட்சியின் சொந்தக் கணக்குக்கும் விதிகள் உண்டு. வருமான வரி விலக்கு வேண்டுமென்றால் கட்சி கணக்கு வைத்திருக்க வேண்டும், தணிக்கை செய்ய வேண்டும். 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர் பெயரைத் தேர்தல் ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும். 2017க்குப் பிறகு 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்க நன்கொடை கூடாது. கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்கு நன்கொடை தர 2018இல் வந்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. இதெல்லாம் தலைமையக விவகாரம் என்று கிளைகள் நினைக்கின்றன. ஆனால் கிளையில் உண்டியல் குலுக்கியதும் கடைசியில் அந்தக் கணக்கில்தான் சேர வேண்டும்.

பட்டயக் கணக்காளர்களுக்கு, அதாவது சி.ஏ. முடித்த ஆடிட்டர்களுக்கு, இன்னொரு கட்டுப்பாடும் இருக்கிறது. 1949 ஜூலை 1இல் அமைந்த அவர்களுடைய நிறுவனத்தின் ஒழுக்க விதிப்படி, தொழில் செய்யும் ஆடிட்டர் நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் வேறு வேலையில் இறங்கக் கூடாது. ஆனால் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கலாம். அறக்கட்டளை, கல்வி போன்ற லாப நோக்கற்ற அமைப்புகளில் கௌரவப் பொறுப்பும் வகிக்கலாம். அதற்குப் பொது அனுமதியே இருக்கிறது. விளம்பரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. இது சின்ன விஷயமாகத் தெரியும். ஊர்ப் பேனர்க் கலாச்சாரத்தில் இது பெரிய சோதனை. பொங்கல் வாழ்த்துப் பேனரில் 'ஆடிட்டர்' என்று பெரிதாகப் போட்டு, கீழே ஆபீஸ் முகவரியும் போட்டுவிடுவார்கள் அன்புத் தம்பிகள். அவர் ஓடிப்போய் அழிக்கச் சொல்ல வேண்டும். தான் பொருளாளராக இருக்கும் சங்கத்துக்குத் தானே தணிக்கைக் கையெழுத்துப் போடவும் கூடாது. பக்கத்துத் தெரு ஆடிட்டரிடம்தான் போக வேண்டும். சின்ன ஊர்களில் 'நம்ம ஆளே இருக்கும்போது வெளியாள் எதுக்கு?' என்று முணுமுணுப்பு எழும்.

இதற்கெல்லாம் மேல், வாடிக்கையாளர் ரகசியம். அவர் ஒரு கட்சியில் இருப்பார். அவரிடம் கணக்குக் கொடுப்பவர்களில் எதிர்க்கட்சிக்காரர்களும் இருப்பார்கள், தோல் முதலாளி இருப்பார், அந்தத் தோல் கழிவால் கிணறு கெட்டுப்போன விவசாயியும் இருப்பார். பாலாற்று விவகாரம் இதைக் கூர்மையாகக் காட்டியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, 'மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும்' என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் உறுதிப்படுத்தியது. தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதாக ஆய்வு ஒன்றை அந்தத் தீர்ப்பே எடுத்துக்காட்டியது. நிலம் போனவருக்கு எவ்வளவு, ஆற்றைச் சீராக்க எவ்வளவு என்று கணக்கிட ஓர் ஆணையம் அமைக்கச் சொன்னது. ஆறு செத்ததை ரூபாயில் எழுத வேண்டிய நிலை வந்தபோது, ஊரின் கணக்குக்காரர்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள்? இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள் என்பதே நேர்மையான பதில். தொழில் ஒரு பக்கம் சம்பளம் கொடுத்தது, மனசாட்சி இன்னொரு பக்கம் மனு எழுதியது. ஒரே ஆள் இரண்டையும் செய்ய முடியாது, விதியும் விடாது.

இந்த வாழ்க்கையின் ஆண்டு அட்டவணையே வேடிக்கையாக இருக்கும். மார்ச் முடிவில் வருடக் கணக்கு மூடும் வேலை. அதே பங்குனி சித்திரையில் பாரதக் கொடியேற்றம், அதே ஏப்ரல் மே மாதங்களில் தேர்தல். வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஜூலை 31 தனிநபர் வரித் தாக்கலுக்கு வழக்கமான கடைசி நாள். ஆடி மாதம் நடுவில் நிற்கும், வள்ளிமலைக்கும் ரத்தினகிரிக்கும் காவடி கிளம்பும் நேரம். மாதா மாதம் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் ஜி.எஸ்.டி. வேறு. குடும்பத்தார் இவரை எப்போது பார்ப்பார்கள் என்று கேட்டால், ஆயுத பூஜை அன்று பேரேட்டுக்குச் சந்தனம் வைக்கும்போது பார்ப்போம் என்று மனைவி சொல்வார். அவர் சொல்வதில் பாதி நகைச்சுவை, பாதி புகார்.

இப்போது இந்த இடத்துக்கு ஆள் குறைகிறது. சி.ஏ. முடிக்கும் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் நின்றுவிடுகிறார்கள். ஊரில் இருப்பவர்களுக்கு டேலி என்ற கணக்கு மென்பொருளும் செல்போனும் வேலையைக் குறைத்தன என்று சொல்ல முடியாது. கியூ.ஆர். அட்டை வந்தபிறகு வேறு சிக்கல். பதிவு பெறாத பாரதக் கமிட்டிக்குப் பெரும்பாலும் பான் எண் இல்லை, ஆகவே வங்கிக் கணக்கும் இல்லை. அவசரத்துக்குப் பொருளாளர் தன் சொந்தக் கணக்கின் அட்டையைப் பந்தல் காலில் ஒட்டிவிடுகிறார். உபயதாரர் வெளிநாட்டிலிருந்தும் வெளியூரிலிருந்தும் பணம் போட்டுவிடுகிறார்கள். ஆண்டு முடிவில் அந்தத் தொகை முழுவதும் அவர் பெயரில் நிற்கிறது. வரித் துறை கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான், கமிட்டியில் எவரும் கூட வர மாட்டார்கள். அதனால் விவரம் தெரிந்தவர்கள் முதலில் செய்வது, கமிட்டியை ஏழு பேரோடு சங்கமாகப் பதிந்து, பான் எண் வாங்கி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற நிபந்தனையோடு வங்கிக் கணக்கு தொடங்குவது. இந்த மூன்றும் முடியும்வரை கியூ.ஆர். அட்டை ஒட்டக் கூடாது என்று சொல்லும் பொருளாளரைக் கூட்டத்தில் பாதிப் பேர் பழைய ஆள் என்பார்கள். கொடியேற்றத் தேதி குறித்துவிட்ட ஊரில் அவர் சொல்வதைக் கேட்டுக் காத்திருப்பதா, ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாக இறங்குவதா என்பதில்தான் இந்த ஆண்டும் பல கமிட்டிகளின் முதல் கூட்டம் இழுத்துக்கொண்டிருக்கிறது.